இடது பக்கம் சரிகிற தரை

பிப்ரவரி 9, வியாழன்

வடக்குக் காற்று. சளி விட்டபாடில்லை. "இன்னிக்கு ஒரு நாள் நீங்க இறங்கலேன்னா மீனெல்லாம் நீந்தாதா?" என்று நொமிகி கேட்டாள். மீன் நீந்தும். பண்ணை மேனேஜர் மிகெஸ் மூஞ்சியை யார் பார்ப்பது?

நானும் மச்சினன் சகெல்லாரிஸும் கடலில் மீன் வளர்க்கிற பெரிய வலைக்கூண்டில் இறங்கினோம். செத்த மீன்களைப் பொறுக்கி, வலையில் ஒரு கிழிசலைத் தைத்தோம். இறங்கும்போது இடது காது அடைத்துக்கொண்டு திறக்கவே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். அசையவில்லை. தம் கட்டி இன்னும் பலமாக ஊதினேன். டப்பென்று விட்டது. அப்பாடா என்று வேலையைப் பார்த்தேன்.

சாயங்காலம் பருப்பு சூப். தலை கொஞ்சம் கனக்கிறது. சீக்கிரம் படுக்க வேண்டும்.

பிப்ரவரி 10

எழுத முடியவில்லை. வரி ஓடுகிறது.

பிப்ரவரி 12, ஞாயிறு

தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். தலையை ஆட்டாமல் இருந்தால் எழுதலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் கண்ணைத் திறந்தேன். கூரை இடது பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் கட்டில் ஓடியது. பூமி நடுங்குகிறது என்று நினைத்து நொமிகியைக் கூப்பிட்டேன். அவள் அடுப்படியில் நிம்மதியாகக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நடுங்குவது பூமி இல்லை, நான் என்று தெரிந்தது. குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துத் தவழ்ந்து போனேன். நாற்பத்தாறு வயதில் தவழ்கிறேன்.

சகெல்லாரிஸ் ஓடி வந்தான். "ரத்தத்துல காத்துக் குமிழி ஏறியிருக்கும் அத்தான். பழைய ஆளுங்க என்ன பண்ணுவாங்க? திரும்ப ஒரு வாட்டி கீழ இறங்கி மெதுவா ஏறி வருவாங்க. சரியாப் போயிடும்." கட்டிலை விட்டு இறங்க முடியாதவனைக் கடலில் இறங்கச் சொல்கிறான்.

நொமிகியின் சித்தி கலோத்தினா வந்து தண்ணீரில் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். எண்ணெய் கரைந்துவிட்டதாம். கண் பட்டிருக்கிறதாம். "எவனோ நீலக்கண்ணன் பார்வைதான்" என்று என்னைச் சுற்றி மூன்று முறை துப்பினாள். நானும் முகத்தைக் காட்டினேன். இந்த நிலையில் யார் எது செய்தாலும் காட்டுவேன்.

மூளையில் ஏதோ வெடித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 14

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காது டாக்டர் அரெதி என்று ஒரு பெண். வடக்கே மலைப்பக்கத்துக்காரி, போன வருஷம்தான் இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்தாள். பூதக்கண்ணாடி மாதிரி ஒரு தடித்த கண்ணாடியை மாட்டி, இருட்டில் என் கண்ணையே பார்த்தாள். கண்மணி தானாக ஒரு பக்கம் தாவுகிறதாம். பிறகு, "என் மூக்கையே பாருங்க, கழுத்தைத் தளர்த்தி விடுங்க" என்று தலையை வெடுக்கென்று திருப்பினாள். வலது பக்கம் திருப்பினால் அவள் மூக்கு நின்றது. இடது பக்கம் திருப்பினால் நழுவியது.

"மூளையில் ஒண்ணும் இல்லை. நீங்க பயப்படுறது அதுக்குத்தானே?" என்றாள். நான் சொல்லவே இல்லை, எப்படித் தெரிந்தது? அழுகை வந்துவிட்டது. சகெல்லாரிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று போன ஆழத்துக்கும் நேரத்துக்கும் குமிழி ஏற வாய்ப்பில்லை என்றாள். தண்ணீருக்குள் வித்தியாசமாக ஏதாவது நடந்ததா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். காது கேட்பதில் மாற்றம் உண்டா? "டாக்டரம்மா, இந்த ஊர்ல முக்குளிக்கிறவன் எவனுக்கு இடது காது கேட்டிருக்கு?" அவளும் சிரித்துவிட்டாள். எழுதிக்கொண்டாள். காதுக்குள் உடம்பின் சமநிலை பார்க்கிற நரம்பு வீங்கியிருக்கலாமாம். மாத்திரை. வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கடலில் இறங்கக் கூடாது.

பிப்ரவரி 21

புரண்டு படுத்தேன். சுற்றவில்லை. மறுபடி புரண்டேன். சுற்றியது.

மார்ச் 6

கட்டைவிரலை முகத்துக்கு எதிரே நீட்டி, அதையே பார்த்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிற பயிற்சி. டாக்டர் கொடுத்தது. பார்த்தால் ஏதோ வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. நொமிகி எதிரே உட்கார்ந்து, "என்ன கேட்டாலும் இல்லைன்னே சொல்றீங்க" என்று கேலி செய்கிறாள். செய்யட்டும். கொஞ்சம் தேவலை. பகலில் சுவரைத் தொடாமல் வாசல் வரை போகிறேன்.

மார்ச் 19

கடைத்தெருவில் திரும்பிப் பார்த்தபோது தள்ளாடினேன். மருந்துக்கடை வாசலில் ஒருவன், "காலைலேயே ஆரம்பிச்சாச்சா தெமெலி?" என்றான். குடிகாரன் என்றே நினைத்துக்கொள்ளட்டும். நோயாளி என்று நினைப்பதற்கு அது மேல்.

மார்ச் 28

இதை எழுதவே பயமாக இருக்கிறது.

புதிதாக ஒன்று. தும்மினால் தரை இடது பக்கம் சரிகிறது. கேஸ் சிலிண்டரைத் தூக்கினேன், சரிந்தது. சனிக்கிழமை கோயில் மணி தலைக்கு மேலே அடித்தபோது, வாசற்படி படகு மாதிரி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. மணி நின்றதும் நின்றுவிட்டது. சத்தத்துக்கு யாருக்காவது தலை சுற்றுமா? பைத்தியம் பிடிக்கிறதா? நரம்பு வீக்கம் என்றால் குறைய வேண்டாமா, ஏன் புதிது புதிதாக வருகிறது?

டாக்டரிடம் போகச் சொல்கிறாள் நொமிகி. தும்மல் பற்றி மட்டும்தான் அவளுக்குத் தெரியும். போனால் தலையைப் படம் எடுப்பார்கள். எடுத்தால் ஏதாவது இருக்கும். போக மாட்டேன்.

ஏப்ரல் 11

மிகெஸ் போன் செய்தான். இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. நலம் விசாரித்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சகெல்லாரிஸ் ஒற்றையாக இறங்க முடியாது என்பதால் வேறு தீவிலிருந்து ஒருவனை வரவழைத்திருக்கிறார்களாம். அவனுக்கு நம் வலையும் தெரியாது, நீரோட்டமும் தெரியாது. "நீங்க இல்லாம கீழ போறது கதவில்லாத வீட்ல தூங்குற மாதிரி இருக்கு அத்தான்" என்றான் சகெல்லாரிஸ்.

ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு

விரல் நுனியெல்லாம் எரிகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மதியம் ஆட்டுக்குட்டி, அரிசி, சிவப்பு முட்டை, எல்லாம் முடிந்து சதுக்கத்தில் கூட்டம். பிடிலும் தோல்பைக் குழலும் ஆரம்பித்தன. மிஹானிகோஸ் ஆட்டத்துக்கு வாசித்தார்கள். என்னைத்தான் கூப்பிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக முதல் ஆள் நான்தான். அந்தக் காலத்தில் மெஷின் உடுப்புப் போட்டுக் கடற்பஞ்சு எடுக்கப் போய், கைகால் விழுந்து திரும்பியவனைப் போல ஆடுகிற ஆட்டம் அது. முதல் ஆள் கைத்தடியை ஊன்றி, கால் உதற உதறத் தள்ளாடி, கடைசியில் தடியை வீசிவிட்டு நிமிர்ந்து துள்ள வேண்டும். முடியாது என்று சொன்னால் ஊர் முழுக்க ஏன் என்று கேட்கும். மிகெஸ் வேறு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். தடியை வாங்கிக்கொண்டேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் சகெல்லாரிஸின் தோள். பிறகு மலையில் பையன்கள் டைனமைட்டைப் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வருஷ ஈஸ்டருக்கும் போடுவதுதான். முதல் வெடிக்குச் சதுக்கம் இடது பக்கம் சரிந்தது. சமாளித்தேன். அடுத்த வெடி எதிர்மலையிலிருந்து. தரை, கூட்டம், கோயில் கோபுரம் எல்லாம் ஒரே பக்கமாக வழுக்கிப் போயின. தடி போன இடம் தெரியவில்லை. விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், அடுத்த வெடி. மறுபடி விழுந்தேன். கால் உண்மையிலேயே உதறியது.

ஊரே எழுந்து நின்று கைதட்டியது!

"பிராவோ தெமெலி!" "உயிரைக் குடுத்து ஆடுறான்யா!" ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் அப்படித்தான் நடந்தானாம், அச்சு அசல் அதேதானாம். நான் கல்தரையைக் கையால் பிராண்டிக்கொண்டிருந்தேன், எங்கேயாவது பிடி கிடைக்குமா என்று. சகெல்லாரிஸ் குனிந்து என் காதில், "போதும் அத்தான், எந்திரிச்சு துள்ளுங்க, கலக்கிட்டீங்க" என்றான்.

அப்போது என் அக்குளில் ஒரு கை நுழைந்தது. நொமிகி. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி நிறுத்தினாள். நகம் தோலில் பதிந்திருக்கிறது. அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

மிகெஸ் வந்து கட்டிப்பிடித்தான். "இப்படி விழுந்து புரண்டு ஆடுறவனுக்கு இன்னும் என்னய்யா லீவு? புதன்கிழமை படகுக்கு வந்துரு. டாக்டர் சீட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

சரி என்றேன். ஏன் சொன்னேன்? எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தள்ளாடுகிறவன் என்று என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள், கண் கலங்கக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17

நொமிகி சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம்தான் வெடித்தாள்.

"நீங்க சாகணும்னா தாராளமா சாகுங்க. கூட என் தம்பி இறங்குறான்ல? கீழ அவனுக்கு ஒண்ணுன்னா நீங்கதானே போகணும்? எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னு தெரியாத ஆளு எப்படிப் போவீங்க?"

தண்ணிக்குள்ள சத்தம் கிடையாது, அதனால ஒண்ணும் ஆகாது என்றேன்.

"இத அவன்கிட்ட சொல்லுங்களேன். ரெண்டு பேரையும் உக்கார வெச்சுக் கேக்குறேன்."

அவளே சொல்லிவிடுவாள் என்று பயந்து, நானே சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன். கோபுரத்தைப் பார்த்துச் செய்தேன்.

ஏப்ரல் 18

சொல்லவில்லை. அவன் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். என் ஆட்டத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பி வந்துவிட்டேன்.

கலங்கல் தண்ணீரில், வலைக்குப் பக்கத்தில், எது மேலே என்று உடம்புக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும்? வாயிலிருந்து கிளம்புகிற குமிழி எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் மேலே. இது தெரிந்ததுதான். ஆனால் குமிழியே கண்ணில் படாவிட்டால்? எனக்குக் கடல் பயம்! வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 20, வியாழன்

நேற்று நடந்தது.

படகில் போகும்போது எல்லாம் சரியாக இருந்தது. தூரத்து மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உடுப்பு மாட்டினோம், பெல்ட் கட்டினோம், சிலிண்டரை முதுகில் ஏற்றினோம். சகெல்லாரிஸ் என் வாரையெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே எனக்குக் கவலை இல்ல" என்றான். நான் வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குள் மீன் தீனி ஊதுகிற மெஷினை யாரோ போட்டார்கள். படார் என்று ஒரு சத்தம். படகு, கூண்டு, வானம் எல்லாம் இடது பக்கம். சிலிண்டரோடு மல்லாந்து விழுந்தேன்.

சகெல்லாரிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் தாளம் போட்டுக் கைதட்ட ஆரம்பித்தான். "ஓப்பா! பிராவோ அத்தான்! ஞாயித்துக்கிழமை ஆடினது பத்தலையா?" படகில் இருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

"டேய். நடிக்கலடா."

அவன் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஞாயித்துக்கிழமையும் நடிக்கல."

அவன் கை அந்தரத்தில் நின்றது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். முழங்காலிட்டு என் வாரை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "நான் உங்கள நம்பில்ல இறங்க இருந்தேன்" என்று ஒரு தடவை சொன்னான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ரப்பர் உடுப்போடேயே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். அரெதியிடம் டைனமைட், மணி, தும்மல், சிலிண்டர், எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"சத்தம் வந்தாச் சுத்துதா? தம் கட்டினாச் சுத்துதா? அன்னிக்கு இறங்கும்போது சளி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"காது திறக்கலைன்னு பலமா ஊதினீங்களா?"

"எல்லாரும் ஊதுறதுதானே டாக்டரம்மா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் என்ன நடந்துச்சுன்னு கேட்டப்போ ஒண்ணும் இல்லைன்னீங்களே!"

எனக்கு அது ஒன்றும் இல்லைதான். சகெல்லாரிஸும் விழித்தான். மூக்கைப் பிடித்து ஊதுவதைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? காலையில் எழுந்து செருப்புப் போட்டேன் என்று சொல்கிற மாதிரி.

ஒரு ரப்பர் பந்தைக் காதில் வைத்து மெதுவாக அழுத்தினாள். அறை சரிந்தது. விட்டாள், நின்றது. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் காது கேட்கிற சோதனை. உள்காதில் நிலை பார்க்கிற இடத்தில் ஒரு தண்ணீர் உண்டாம், அதற்கு ஜன்னல் மாதிரி மெல்லிய தோல். நான் ஊதிய ஊதலில் அது கிழிந்து கசிந்துகொண்டிருக்கிறது போலிருக்கிறது என்றாள். திறந்து பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியுமாம். ஏதென்ஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதுவரை தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது.

"இன்னிக்கு இறங்கியிருந்தா?" என்று கேட்டேன்.

"காது போயிருக்கும். காது மட்டும் போயிருந்தா அதிர்ஷ்டம்."

நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நொமிகி அடுப்படியில் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மே 2, ஏதென்ஸ்

நாளைக்கு அறுவை. முகம் கோணலாம், காது மொத்தமாகச் செவிடாகலாம், சரியாகாமலும் போகலாம் என்று ஒரு சின்னப் பையன் டாக்டர் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனான். பயமா இருக்கு. பயமா இருக்கு. நொமிகி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், எழுப்ப மனசில்லை.

மே 4

கிழிசல் இருந்ததாம். காதுக்குப் பின்னாலிருந்தே துளித் தசை எடுத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். முகம் கோணவில்லை, கண்ணாடியில் நாலு தடவை பார்த்துவிட்டேன். காதில் பஞ்சு. அதற்குப் பின்னால் கேட்கிறதா என்று தெரியவில்லை.

ஜூன் 8

அரெதியைப் பார்த்தேன். இரும்பு டிரேயைத் தரையில் போட்டுப் பெரிய சத்தம் எழுப்பினாள். தரை அசையவில்லை! நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். பிறகு ஒரு பஞ்சு மெத்தைமேல் ஏற்றி, கண்ணை மூடச் சொன்னாள். நேராகச் சாய்ந்து அவள்மேல் விழுந்தேன்.

கசிவு நின்றுவிட்டது. ஆனால் இடது காதில் நிலை பார்க்கிற வேலை பாதி போய்விட்டது. அது திரும்பாது. வலது காதும் கண்ணும் காலும் சேர்ந்து அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நடக்க நடக்கத்தான் வருமாம். பயந்து உட்கார்ந்தால் வராதாம்.

"கடல்?"

"கடலுக்கு மேல எது வேணும்னாலும் செய்ங்க. கீழ வேண்டாம். இனி எப்பவுமே."

வெளியே வந்து, காரில் உட்கார்ந்து அழுதேன். சகெல்லாரிஸ் வண்டியை எடுக்காமல் காத்திருந்தான். பிறகு, "மேல நிக்க ஒரு ஆள் வேணும்னு மிகெஸ்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்" என்றான். படகு விஷயத்துக்குப் பிறகு அவன் என்னோடு தானாகப் பேசியது இன்றுதான்.

ஜூலை 24

மேலே நிற்கிற வேலை. கீழே போனவர்களின் குமிழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கூண்டைச் சுற்றி மிதக்கிற குழாய்ப் பாதை இருக்கிறதே, முன்பெல்லாம் அதில் ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். இன்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தேன். தண்ணீரைப் பார்த்தால் சுற்றுகிறது, பார்க்காமல் இருந்தால் வேலை இல்லை. புதிதாக வந்தவன் என்னைப் பார்க்காத மாதிரி நடித்தான். நல்ல பையன்.

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நாளைக்குப் போக மாட்டேன்.

ஜூலை 25

போனேன்.

செப்டம்பர் 14

நொமிகிக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் தூக்கம் போகும்.

காலையில் தண்ணீர் கலங்கல். சகெல்லாரிஸும் புதியவனும் இறங்கியிருந்தார்கள். இரண்டு பேர் குமிழியும் வடக்கு ஓரத்தில் வந்துகொண்டிருந்தது. தெர்மாஸை மூடிவிட்டு நிமிர்ந்தால் ஒன்றுதான் வருகிறது. சகெல்லாரிஸுடைய குமிழி இல்லை. எனக்குத் தெரியும், அவன் மூச்சு விடுகிற தாளம் எனக்குத் தெரியும். எண்ணிப் பார்த்தேன், வரவில்லை. அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தேன், தளர்ந்து வந்தது. ஐயோ அவ்வளவுதான், போச்சு, நான் எப்படி இறங்குவேன், நொமிகி முகத்தில் எப்படி விழிப்பேன்... "சகெல்லாரி! சகெல்லாரி!" என்று கத்திக்கொண்டே தெற்குப் பக்கம் ஓடினேன்.

அங்கே, படகின் நிழலுக்கு அடியில், கொப்பளித்துக்கொண்டு வந்தன குமிழிகள். அப்புறம் அவன் தலை. வலை ஓரமாக ஒரு கிழிசலைத் தொடர்ந்து போயிருக்கிறான், கயிறு சிக்கியதால் கழற்றி விட்டிருக்கிறான். முகமூடியைத் தூக்கிவிட்டு, "என்ன அத்தான், ஊரைக் கூட்டுறீங்க?" என்றான்.

கண்டபடி திட்டினேன். அவன் அம்மாவை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் திட்டினேன். அவன் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது வழியாவா ஓடி வந்தீங்க?"

திரும்பிப் பார்த்தேன். குழாய்ப் பாதை அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பியைத் தொட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. என் ஒரு கையில் தெர்மாஸ், இன்னொரு கையில் தளர்ந்த கயிறு.

அவன் கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினான். தட்டப் போகிறான் என்று நினைத்தேன். தட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கீழே போனான்.

நான் வடக்குப் பக்கம் திரும்பிப் போக வேண்டும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்துதான் போனேன்.